சேலத்துக்கு ஒரு டீம் இருக்கிறதாமே!

திருப்பூர்க்காரர்கள் கோப்பையைத் தூக்கிவிட்டார்கள். 2025 ஜூலை 6, ஞாயிற்றுக்கிழமை, நத்தம் என்.பி.ஆர். மைதானத்தில் திண்டுக்கல்லை 118 ரன் வித்தியாசத்தில் துவைத்துக் காயப்போட்டார்கள். திண்டுக்கல் என்றால் அஸ்வின் தலைமையில் ஆடிய அணி, 2024 சாம்பியன். நல்லது, பக்கத்து ஊர்ப் பையன்கள், நன்றாக இருக்கட்டும். ஆனால் டி.வி.யை அணைத்துவிட்டுப் படுத்தவனுக்கு ஒரு மணி வரைக்கும் தூக்கம் பிடிக்கவில்லை. பக்கத்து வீட்டில் பொங்கல் பொங்குகிறது, நம் வீட்டில் இன்னும் அடுப்பே பற்றவில்லையே என்ற வயிற்றெரிச்சல்தான். வயசு எழுபதைத் தாண்டியவன், மறைப்பானேன்?

கிரிக்கெட் பக்கம் தலைவைக்காத நண்பர்களுக்கு இரண்டு வரி. டி.என்.பி.எல். என்று சொல்கிற தமிழ்நாடு பிரீமியர் லீக் 2016ல் ஆரம்பித்தது. சென்னை சூப்பர் கிங்ஸை ஐ.பி.எல்.லில் இருந்து இரண்டு வருஷம் தள்ளிவைத்திருந்த காலம் அது. எட்டு அணி, எட்டு ஊர்ப் பெயர். அதில் ஒன்றின் பெயர் சேலம் ஸ்பார்ட்டன்ஸ். இப்போது அதற்கு முன்னால் ஒரு நிறுவனத்தின் மூன்று எழுத்தும் சேர்ந்திருக்கிறது.

இந்த ஸ்பார்ட்டன்ஸ் பிறந்தது சேலத்தில் இல்லை. தூத்துக்குடி என்ற பெயரில் ஆடிக்கொண்டிருந்த அணி. முதல் வருஷமே தினேஷ் கார்த்திக், அபினவ் முகுந்த், வாஷிங்டன் சுந்தர் எல்லாம் ஆடி கோப்பையை வாங்கியது. 2017லும் இறுதி ஆட்டம் வரை வந்தது. அப்புறம் தூத்துக்குடிப் பெயர் போய் சேலம் பெயர் வந்தது. வந்த நேரம் கொரோனா, 2020ல் ஆட்டமே இல்லை. 2021ல் எல்லா ஆட்டமும் சேப்பாக்கத்தில், காலி நாற்காலிகளுக்கு முன்னால். சேலம் என்ற பெயரில் ஆடிய முதல் ஆட்டம் கோவையோடு. சாய் சுதர்சன் என்று ஒரு புதுப் பையன் வந்து 43 பந்தில் 87 அடித்தான். மழை வந்து ஆட்டம் நின்றுபோனது. எங்கள் அணிக்கு இன்றுவரை கிடைத்ததிலேயே நல்ல பவுலர் அந்த மழைதான் என்று நான் சொல்வதுண்டு.

2021லிருந்து 2025 வரை ஐந்து சீசன். எட்டு அணியில் முதல் நான்கு இடத்துக்குள் வந்தால் அடுத்த சுற்று. ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூட சேலம் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. தூத்துக்குடி என்ற பெயரில் இருந்தபோது ஓடிய குதிரை, நம் பெயரை மாட்டியதும் நொண்டுகிறது. இதில் ஜோசியக்காரனிடம் போய்க் கேட்க ஒன்றும் இல்லை. காரணம் கண்ணுக்குத் தெரிகிறது.

அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். தோற்பதற்காக நான் கோபப்படவில்லை. என் வயசுக்காரர்கள் தோல்வியிலேயே வளர்ந்தவர்கள். டிரான்சிஸ்டரைக் காதோடு ஒட்டிவைத்துக்கொண்டு, அப்துல் ஜப்பாரும் ராமமூர்த்தியும் தமிழில் வர்ணனை சொல்லக் கேட்டுக்கேட்டு, இந்தியா தோற்கிற ஆட்டத்தையும் கடைசி விக்கெட் வரை விடாதவர்கள். 1975 பொங்கலுக்கு சேப்பாக்கத்தில் ராபர்ட்ஸ் பந்தை எதிர்த்து விஸ்வநாத் 97 எடுத்து ஆட்டமிழக்காமல் நின்றாரே, மூன்று ரன் போனதற்காக அழுதவர்கள் நம் தலைமுறையில் உண்டு. தமிழ்நாடு ரஞ்சிக் கோப்பையைக் கடைசியாக வாங்கியது 1988ல். அன்றைக்குப் பிறந்த குழந்தைக்கு இப்போது தலை நரைக்கிறது. காத்திருப்பது எங்களுக்குப் பழக்கமான வேலை. அந்த அணி தோற்றால் எதனால் தோற்றது, யார் சரியில்லை, அடுத்த வருஷம் யாரை எடுக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். நம்முடையது என்ற எண்ணம் இருந்தது. அதுதான் இங்கே இல்லை.

சரி, சேலம் ஸ்பார்ட்டன்ஸை உலகம் முழுக்கத் தெரிந்துகொண்ட நாள் எது என்று கேளுங்கள். 2023 ஜூன் 13. கோவையில் ஆட்டம், எதிரணி சேப்பாக்கம். கடைசி ஓவரின் கடைசிப் பந்து. போடுகிறவர் நம் கேப்டன் அபிஷேக் தன்வர். பேட்டிங் சஞ்சய் யாதவ். ஸ்டம்பு பறந்தது, ஆனால் நோ பால். மறுபடி போட்டார், நோ பால், சிக்ஸர். மறுபடி போட்டார், நோ பால், இரண்டு ரன். அடுத்தது வைடு. கடைசியில் ஒழுங்காக விழுந்த பந்தும் சிக்ஸர். ஒரே ஒரு பந்துக்கு 18 ரன்! அந்த வீடியோவை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பாத சொந்தக்காரன் கிடையாது. பெங்களூரில் இருக்கிற சம்பந்தி வீட்டார்கூட அனுப்பிவைத்தார்கள், கீழே நாலு சிரிக்கிற பொம்மையோடு.

நான் தன்வரைத் திட்டவில்லை. ஆட்டம் முடிந்ததும் அந்தப் பையன் நேராக வந்து, அணியின் சீனியர் பவுலர் நான், பொறுப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டார். ஆண்பிள்ளை. என் கேள்வி மற்றவர்களைப் பற்றியது. ஆட்டக்காரன் மைக் முன்னால் நின்று பொறுப்பு ஏற்கிறான், ஐந்து வருஷத் தோல்விக்கு நிர்வாகம் எந்த மைக் முன்னால் வந்து நின்றது? அவர்கள் கையில் இருக்கிற ஒரே மருந்து கேப்டனை மாற்றுவது. 2022ல் முருகன் அஸ்வின், 2023ல் தன்வர், 2024ல் சிஜித் சந்திரன், 2025ல் அபிஷேக். நாலு வருஷத்துக்கு நாலு பேர். வீட்டில் குழம்பு தீய்ந்துபோனால் கரண்டியை மாற்றுகிறவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2023ல் ஏலமுறை வந்தபோது எல்லா அணிக்கும் ஒரே உச்சவரம்பு, 70 லட்சம். பணக்காரன், ஏழை என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்த ஏலத்தில் கோவைக்காரர்கள் விடாமல் கையைத் தூக்கி 21 லட்சத்து 60 ஆயிரத்துக்கு ஒருவரை எடுத்தார்கள். யார்? அதே சாய் சுதர்சன்தான். சேலத்தின் முதல் ஆட்டத்திலேயே நம்மைப் போட்டு வெளுத்தவர். அவர் எப்படி ஆடுவார் என்று எல்லோரையும்விட நமக்குத்தான் முதலில் தெரியும், வாங்கிய அடி அப்படி. அந்த வருஷம் கோப்பை யாருக்கு? கோவைக்கு.

இனி நடராஜன் கதைக்கு வருகிறேன். இதுதான் என்னை அதிகமாக உறுத்துவது.

சின்னப்பம்பட்டி நம் சேலம் மாவட்டம், தாரமங்கலம் பக்கம். அங்கே டென்னிஸ் பந்தில் யார்க்கர் போட்டுப் பழகிய பையன் டி.என்.பி.எல். முதல் வருஷம் திண்டுக்கல் அணிக்கு ஆடினார். அடுத்த வருஷமே பஞ்சாப் அணி அவரை ஐ.பி.எல்.லுக்கு 3 கோடி கொடுத்து எடுத்தது. ஆக இந்த லீக்கால் பிரயோஜனம் இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். 2020 டிசம்பரில் கான்பெராவில் இந்தியத் தொப்பி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட். திரும்பி வந்தபோது ஊர்க்காரர்கள் சாரட் வண்டியில் வைத்து அழைத்துப் போனதை நாமெல்லாம் டி.வி.யில் பார்த்தோம். அந்த வருஷம்தானே சேலம் பெயரில் நம் அணி முதல்முதலாக மைதானத்தில் இறங்கியது? மாவட்டத்தின் பிள்ளை உலகப் புகழோடு நிற்கிறார், மாவட்டத்தின் பெயரில் ஒரு அணி நிற்கிறது. இரண்டும் சேரவே இல்லை. 2024ல் திருப்பூர் அவரை எடுத்தது. இப்போது கோப்பை வாங்கியிருக்கிறதே, அதே திருப்பூர்.

அவர் என்ன செய்தார் பாருங்கள். சொந்த ஊரில் தன் கைக்காசைப் போட்டு ஒரு மைதானம் கட்டினார். 2023 ஜூன் 23ல் தினேஷ் கார்த்திக் வந்து திறந்துவைத்தார். அந்தப் பதினெட்டு ரன் பந்துக்குச் சரியாகப் பத்து நாள் கழித்து. ஒரு தனி ஆள், நெசவுக்கூலி வீட்டுப் பிள்ளை, தன் கிராமத்துக்குச் செய்துவிட்டார். ஊரின் பெயரையே நெற்றியில் ஒட்டிக்கொண்டிருக்கிறவர்கள் ஊருக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டால் அது பொல்லாப்பா?

"ஏலம் என்றால் கிடைக்கிறவனைத்தானே எடுக்க முடியும், மாமா? சேலத்துப் பையன் என்று பார்த்து எடுத்தால் ஜெயிக்க முடியுமா?" என்று என் அக்கா மகன் கேட்கிறான். ஊர்ப் பையன்களை எடுக்காமல் மட்டும் என்ன ஜெயித்தோம் என்று திருப்பிக் கேட்டேன். பதில் இல்லை.

பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. திருப்பூர் தமிழன்ஸ் என்றால் ஏதோ புரிகிறது. திருச்சி கிராண்ட் சோழாஸ் என்றால் காவிரிக்கரை ஞாபகம் வருகிறது. ஸ்பார்ட்டா கிரேக்க தேசத்து ஊர். ஸ்கூலில் படித்திருப்போம், கி.மு. 480ல் தெர்மோபிலே கணவாயில் முந்நூறு ஸ்பார்ட்டா வீரர்கள் நின்று போரிட்டார்கள். வீரம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சண்டையில் அவர்கள் தோற்றுப்போனார்கள், ஐயா! உருக்காலை இருக்கிற ஊர், மாம்பழத்துக்குப் பேர்போன ஊர், மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த ஊர். இதில் ஒன்றுமா கண்ணில் படவில்லை?

மைதானத்துக்கு வருவோம். வாழப்பாடி தாண்டி காட்டுவேப்பிலைப்பட்டியில் சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் மைதானம். 2020 பிப்ரவரி 9ல் அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி திறந்துவைத்தார், ராகுல் டிராவிட் வந்திருந்தார். ஐ.பி.எல். ஆட்டம் சேலத்துக்கு வரும் என்ற பேச்சு அன்றைக்கே கிளம்பியது. நான் மைதானத்தைக் குறை சொல்லப் போவதில்லை. 2025 ஜனவரியில் தமிழ்நாடு–சண்டிகர் ரஞ்சி ஆட்டமே அங்கே நடந்து, நாம் ஜெயித்தோம். சுற்றிலும் மலை, நடுவே பச்சைப் புல், சாயங்காலக் காற்று. கண்ணுக்குக் குளிர்ச்சிதான்.

ஆனால் யாருக்காகக் கட்டியது? சேலத்திலிருந்து முப்பது கிலோமீட்டர். எங்கள் அயோத்தியாப்பட்டணத்திலிருந்தே மின்னாம்பள்ளி, காரிப்பட்டி எல்லாம் கடந்து இருபது கிலோமீட்டர் போல. டி.என்.பி.எல். ஆட்டம் ராத்திரி ஏழேகாலுக்கு ஆரம்பிக்கும், முடிய பதினொன்று ஆகும். கார் வைத்திருக்கிறவனுக்குக் கவலை இல்லை. பைக் பையன்கள் பறந்துவிடுவார்கள். என்னைப்போல முழங்கால் வலிக்காரனும், பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்த பாட்டியும் என்ன செய்வது? ஆத்தூர் மெயின் ரோட்டுக்கு வந்து நின்றால் சென்னையிலிருந்து வருகிற தூர பஸ்தான். கை காட்டினால் டிரைவர் நம்மை மைல்கல்லைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டுப் போவார். ஒருமுறை நானும் நண்பர் ஒருவரும் தக்காளி ஏற்றிவந்த வேனில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஊர் வந்து சேர்ந்தோம். வீட்டுக்காரி கதவைத் திறந்து, "ஜெயிச்சாங்களா?" என்றாள். நான் பதில் சொல்லாமல் உள்ளே போனேன்.

இத்தனைக்கும் விருத்தாசலம் ரயில் பாதை எங்கள் ஊர் வழியாகத்தான் வாழப்பாடிப் பக்கம் போகிறது. ஆட்டம் நடக்கிற நாளில் ராத்திரி சேலத்துக்கு இரண்டு ஸ்பெஷல் பஸ் விடுங்கள் என்று கேட்க ஒரு மனு போதும். திருவிழாவுக்கு விடுகிறார்கள், ஆடிப் பதினெட்டுக்கு விடுகிறார்கள். அணி நிர்வாகம் கேட்டால் கலெக்டர் ஆபீசில் வேண்டாம் என்றா சொல்லிவிடுவார்கள்?

இன்னொரு வேடிக்கை. இந்த லீக்கில் சொந்த ஊர் ஆட்டம் என்பதே பெயரளவுக்குத்தான். சர்க்கஸ் கம்பெனி மாதிரி எட்டு அணியும் ஒரு ஊரில் டேரா போட்டு ஒரு வாரம் ஆடுவார்கள், பிறகு மூட்டைகட்டி அடுத்த ஊர். ஆளுக்கு ஏழு லீக் ஆட்டத்தில் சேலம் சேலத்தில் ஆடுவது இரண்டோ மூன்றோ. 2024 ஜூலை 5ல் சீசனின் தொடக்க ஆட்டமே நம் மைதானத்தில்தான். ஆடியது யார்? சேப்பாக்கமும் கோவையும்! கல்யாண மண்டபம் நம்முடையது, மாப்பிள்ளை பெண் இருவரும் வெளியூர்.

எங்கள் ஊர் ராமர் கோயில் ஐதீகம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். இலங்கையிலிருந்து திரும்புகிற ராமர் நல்ல நேரத்துக்குள் அயோத்தி போய்ச்சேர முடியாமல் இங்கேயே பட்டாபிஷேகம் நடந்தது என்பார்கள். வந்து தங்கியவர் ஊருக்குப் பெயரைக் கொடுத்துவிட்டுப் போனார். ஸ்பார்ட்டன்ஸ் வந்தார்கள், ஊரிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவில் இருக்கிற என் தம்பி மகன் இதைக் கேட்டுவிட்டு ஒரு சங்கதி சொன்னான். கலிபோர்னியாவில் ஓக்லண்ட் என்று ஒரு ஊர். அங்கே பேஸ்பால் அணி, அத்லெடிக்ஸ் என்று பெயர். முதலாளி நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் விற்றுத் தள்ளிவிட்டு, ஸ்டேடியமும் சரியில்லை என்று லாஸ் வேகாஸுக்கு மூட்டை கட்டப் பார்த்தார். ரசிகர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? வராமல் இருந்து எதிர்ப்புக் காட்டுவதுதான் வழக்கம். இவர்கள் தலைகீழாக, ஒரு நாள் குறித்துக்கொண்டு கூட்டமாக வந்து ஸ்டேடியத்தை நிரப்பினார்கள். இருபத்தேழாயிரம் பேருக்கு மேல். அணியை வித்துட்டுப் போ என்று முதலாளிக்குக் கேட்கக் கத்தினார்கள். அந்தத் தேதியைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 2023 ஜூன் 13. நம் பதினெட்டு ரன் பந்து விழுந்த அதே தேதி.

அவர்கள் ஜெயிக்கவில்லை. 2024 செப்டம்பரோடு அணி ஓக்லண்டை விட்டுப் போய்விட்டது. வேகாஸ் ஸ்டேடியம் தயாராகும்வரை சாக்ரமெண்டோ என்ற ஊரில் ஒரு சின்ன மைதானத்தில் ஆடுகிறார்கள். அங்கே தங்குவது கொஞ்ச நாள்தான் என்பதால் அந்த ஊர்ப் பெயரைச் சேர்த்துக்கொள்ளவில்லையாம். வெறும் அத்லெடிக்ஸ். எனக்கு அந்த முதலாளி மேல் மரியாதை கிடையாது. ஆனாலும் அந்த அளவுக்கு நேர்மை அவரிடம் இருந்திருக்கிறது. ஓக்லண்ட்காரர்களுக்குக் கத்துவதற்கு 57 வருஷத்து உறவு இருந்தது. நாம் கத்த வேண்டும் என்றால் எதைச் சொல்லிக் கத்துவது? 2025ல் சி.எஸ்.கே. ஐ.பி.எல்.லில் முதல்முறையாகக் கடைசி இடத்துக்கு வந்தபோது எங்கள் ஊர் சலூனில்கூட ஒரு வாரம் பஞ்சாயத்து நடந்தது. சேலம் ஸ்பார்ட்டன்ஸ் வெளியேறிய அன்று அதே சலூனில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. திட்டக்கூட ஆளில்லாத அணி!

முதலாளி தன் பணத்தைப் போடுகிறார், நீ யார் கேட்பதற்கு என்று சிலர் எழுதுவார்கள். பணம் அவருடையது. பெயர் நம்முடையது, அதற்கு ஒரு பைசா வாடகை யாரும் கேட்கவில்லை. கணக்கு மட்டும் கேட்கிறோம்.

எங்கள் தெருவில் ஒரு பையன் இருக்கிறான். பத்தாம் வகுப்பு, அப்பா தறி ஓட்டுகிறார். இடதுகை, நல்ல வேகம். வீட்டுக்கு எதிரே காலி மனையில் செங்கல்லை நட்டுவைத்து அதன் அடியைப் பார்த்தே போடுவான். போன மாதம் வாசலில் வந்து நின்று, "தாத்தா, சேலம் டீமுக்கு செலக்ஷன் எங்க நடக்கும்?" என்றான். மாவட்ட லீக்கில் ஆட வேண்டும், பிறகு சென்னைக்குப் போய் லீக்கில் ஆட வேண்டும், பேர் வந்தால் ஏலப் பட்டியலில் வரும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவன், "அதுல சேலம் எங்க வருது?" என்றான்.

அதனால் ஒரு மனு எழுதியிருக்கிறேன், ஒரு பக்கம்தான். அடுத்த ஏலத்துக்கு முன்னால் சேலம், வாழப்பாடி, ஆத்தூர், ஓமலூர், எடப்பாடி என்று ஐந்து இடத்தில் பையன்களை வரச்சொல்லிப் பந்து போடச் சொல்லிப் பாருங்கள். இரண்டு பேரையாவது வலைப்பயிற்சிக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். ராத்திரி பஸ்ஸுக்கு நீங்களே மனுக்கொடுங்கள். சீசன் முடிந்ததும் சேலத்தில் ஒரு மண்டபத்தில் உட்கார்ந்து என்ன நடந்தது என்று சொல்லுங்கள், காபி செலவு எங்களுடையது. அணிக்கு ஒரு நகல், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்கு ஒரு நகல். கையெழுத்துப் போட விருப்பம் உள்ளவர்கள் வருகிற ஞாயிறு காலை ஏழிலிருந்து ஒன்பதுக்குள் ராமர் கோயில் பக்கத்து டீக்கடைக்கு வாருங்கள். பேனா நான் கொண்டுவருகிறேன். மூக்குக்கண்ணாடியை மறந்துவிடாதீர்கள், எழுத்து கொஞ்சம் பொடியாக விழுந்துவிட்டது.